கிழக்கு தெரியாத பஜார்

"உக்காந்தா உக்காந்ததுதான். யாரு வந்தாலும் எந்திரிக்கக் கூடாது. கேட்டுதா கோமதி?"

பாலிகா பஜாரின் படிகளில் இறங்கும்போது இதை ஆறாவது தடவையாகச் சொன்னேன். என் நாத்தனார் கோமதி எனக்கு ஒரு படி கீழே போய்க்கொண்டிருந்தாள். அப்படியும் அவள் தலை என் தலைக்கு நேராக இருந்தது.

டெல்லி கனாட் பிளேஸில் புல்தரைக்கு அடியில் அந்தப் பஜாரைத் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பூமிக்குள்ளே வட்டமாக நூற்றுக்கணக்கில் கடைகள், ராத்திரி பகல் என்றில்லாமல் டியூப் லைட்டு, நடு மண்டபம், ஏ.சி. என்று ஊரே பேசியது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. நாலு மணிக்குக் கோமதியைப் பெண் பார்க்க அங்கே ஒரு குடும்பம் வருகிறது. அவர்கள் வரும்போது அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். இது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கெரசின் க்யூவில் நான் பட்ட பாட்டைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் பயப்படுவீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஆமாம் தாயே. தபால்காரர் மணியடித்தால்கூட நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவளிடம்தான் ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒப்படைத்து அனுப்பினார் என் வீட்டுக்காரர்.

பென்சில் கோடுகள்

கோமதிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அமைச்சகம் ஒன்றில் ஸ்டெனோ. லக்ஷ்மிபாய் நகரில் எங்களுடைய இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். நிறம், முகம், படிப்பு, வேலை எதற்கும் குறைவில்லை. உயரம்தான் கூடுதல். ஐந்தடி ஏழங்குலம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து மாப்பிள்ளைகள் அந்த அளவுக்கு வளர்வதற்குள் வேலை கிடைத்து நின்றுவிடுவார்கள் போலிருக்கிறது.

நாலு வருஷத்தில் மூன்று குடும்பங்கள் வீட்டுக்கு வந்து போயின. மூன்றும் ஒரே கதைதான். எங்கள் அடுக்களை வாசலில் திரை மாட்ட ஒரு கம்பி கட்டியிருந்தது. நான் நாலடி பத்தங்குலம் என்பதால் எனக்கு எட்டும்படி தாழ்வாகக் கட்டியிருந்தார் என் வீட்டுக்காரர். அவரே அதற்கடியில் தாராளமாகப் போய் வருவார். கோமதி மட்டும் ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டும். காப்பித் தட்டோடு குனிந்து வெளியே வந்து அவள் நிமிர்வாள். வந்தவர்களின் கண்கள் அவளோடு சேர்ந்து மேலே ஏறும். கேசரி வாயில் இருக்கும்போதே அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலாவது வீட்டார் ஜாதகம் என்றார்கள். இரண்டாவது வீட்டில் பையனுக்கு இப்போது கல்யாண எண்ணம் இல்லையாம். மூன்றாவதாக வந்த அம்மாள் மட்டும் உண்மையைச் சொன்னாள். "புள்ளை கொஞ்சம் ஓங்குதாங்கா இருக்கு. எங்க பையன் பக்கத்துல நின்னா நல்லாவா இருக்கும்?"

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரு கோட்டி பிடித்தது. அறைக் கதவு நிலையில் கோமதியை நிறுத்தி, உச்சந்தலைக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். ஜாதகம் வரும்போதெல்லாம் மாப்பிள்ளையின் உயரத்தைக் கடிதம் போட்டுக் கேட்பார். பதில் வந்ததும் டேப் வைத்து அளந்து இன்னொரு கோடு. கோமதி தினமும் காலையில் அந்தக் கோடுகளைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போவாள்.

கடைசியாகப் போட்ட கோடு மட்டும் அவளுடைய கோட்டின் மேலேயே விழுந்தது. பாளையங்கோட்டைக்காரர்கள், ஆர்.கே.புரத்தில் இருக்கிறார்கள், பையனும் ஐந்து ஏழு என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் குதியாய்க் குதித்தார். "ஒரு இஞ்சு கூட வித்தியாசம் இல்ல! இதை விட்டா வேற கெடைக்காது, சொல்லிட்டேன்."

கேசரி வேண்டாமாம்

இடையில் நின்று பேசியவள் எங்கள் மாடி வீட்டுச் செண்பகத்தக்கா. மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பியதை அவள் அப்படியே எங்கள் கூடத்தில் வந்து ஒப்பித்தாள்.

"வீட்டுக்கு வந்து கேசரியைத் தின்னுட்டு வேண்டாம்னு சொல்ல அவுகளுக்கு வாய் வராதாம். எதேச்சையாப் பாத்த மாதிரி வெளிய எங்கனயாவது பாப்போம்ங்காக."

கோயிலில் பார்க்கலாமென்றால், டெல்லியில் இருக்கிற தமிழர்கள் பாதிப்பேர் சனிக்கிழமை அங்கேதான் இருப்பார்கள். வேண்டாமென்று ஆகிவிட்டால் திங்கட்கிழமை காலை ஆபீஸ் பஸ்ஸிலேயே துக்கம் விசாரிப்பார்கள். அதனால் பாலிகா பஜார். அங்கே யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. தை பிறந்து வரும் இரண்டாம் சனிக்கிழமை, நாலு மணி, கிழக்கு வாசல்.

பஜாரின் வாசல்களுக்கு நம்பர் உண்டு என்பதை அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் திருநெல்வேலி அல்லவா! எங்களுக்கு வலது இடது கிடையாது. "பீரோவுக்கு மேக்க, ரெண்டாம் தட்டுல பாரு" என்றுதான் என் வீட்டுக்காரர் சட்டை தேடுவார். இலையில் ஊறுகாயைக் கிழக்கே தள்ளி வை என்பார் என் மாமனார். கிழக்கு வாசல் என்றால் உலகத்தில் யாருக்கும் புரியும் என்பது எங்கள் நினைப்பு.

ஆண்கள் யாரும் கூட வரக்கூடாது, வந்தால் எதேச்சை என்பது கெட்டுவிடும் என்று முடிவானது. ஆகவே நானும் கோமதியும். எப்படியாவது அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட வேண்டும், அவர்கள் உட்கார்ந்த கோலத்தில் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது என் வீட்டுக்காரரின் திட்டம். "முகத்தைப் பாத்துப் பிடிச்சுப் போச்சுன்னா பிறவு உயரம் கண்ணுல படாது" என்றார். பட்டுச் சேலைக்குக் கீழே தட்டையான ரப்பர் செருப்பை அவரே எடுத்து வைத்தார்.

என் காலில் மட்டும் குதிகால் வைத்த செருப்பு. எனக்குத்தான் அது அனுமதி.

என்னைப் பெண் பார்த்த கதை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது என் அம்மா என்னை அடுக்களைப் படியின் மேல் நிறுத்திவிட்டாள். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான படி. சேலையை நன்றாக இறக்கிக் கட்டி, கொசுவத்தைப் படி மறைய விரித்து, "அசையாத, மூதி. அசைஞ்சா குடி முழுகிப் போவும்" என்று காதில் சொன்னாள். நான் மூச்சுக்கூட விடாமல் நின்றேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரே பார்வையில் சரி என்று சொல்லிவிட்டார்.

கல்யாண மேடையில் அவர் முழித்த முழியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். ஆனால் விஷயம் அவருக்குப் பிடிபடவே இல்லை. "பொண்ணு பாக்க வந்தப்போ நல்ல வளத்தியாத்தான் இருந்தா. டெல்லித் தண்ணி சுருக்கிப் போட்டுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். சொல்லியிருக்கலாம். பயம்.

சூரியன் இல்லாத சனிக்கிழமை

அன்றைக்கு டெல்லியில் சூரியனே வரவில்லை. காலையில் பிடித்த பனிமூட்டம் மத்தியானம் ஆகியும் விலகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் வானம் முழுக்க ஒரே சாம்பல். கிழக்கு எது, மேற்கு எது என்று மேலேயே எனக்குத் தெரியவில்லை. படியிறங்கிப் பூமிக்குள் போனபிறகு கேட்கவே வேண்டாம்.

"ஏட்டி, இதுல கிழக்கு எங்கன இருக்கு?"

கோமதி நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "அந்தா, அந்தத் தூணைத் தாண்டி இருக்குல்லா, அதான் மதினி" என்று கையைக் காட்டினாள். அவள் குரலில் இருந்த நிச்சயத்தைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

அங்கே பெஞ்சு இல்லை. தூணைச் சுற்றி ஒரு சிமென்ட் திட்டு இருந்தது. ஓடிப்போய் இடம் பிடித்து அவளை உட்கார வைத்தேன். அவளுடைய பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி வாங்கி, மாம்பழ நிறப் பட்டு தெரியும்படி முந்தானையைச் சரிசெய்தேன். ஜன நெரிசலில் உள்ளே கதகதப்பாகத்தான் இருந்தது. புது ரெக்ஸின் வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்ததில் தலை வலித்தது. கேசட் கடை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாட்டை அலறவிட்டது.

நாலு மணி. நாலேகால். சிவப்புக் கல் தோடு போட்ட அம்மாள், கண்ணாடி போட்ட பையன் என்று செண்பகத்தக்கா அடையாளம் சொல்லியிருந்தாள். போகிற வருகிற காதுகளையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல், பேசாமலேயே போய்விட்டார்களோ? நாலரையும் ஆனது. என் வீட்டுக்காரரின் முகம் கண்முன் வந்தது. இதை விட்டால் வேறு கிடைக்காது.

"கோமதி, நான் போய்த் தேடிப் பாக்கேன். நீ இந்த இடத்தை விட்டு அசையாத."

சொன்னபிறகுதான் அது என் அம்மாவின் வார்த்தை என்று உறைத்தது. கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

பூரப் கேட் கிதர்?

வட்டமான பஜாரில் தொலைந்து போவதைப் போல வேறு எதுவும் இல்லை. எவ்வளவு நடந்தாலும் போய்ச் சேர மாட்டீர்கள். ஜீன்ஸ் கடை, கைப்பைக் கடை, பொம்மைக் கடை, திரும்பவும் ஜீன்ஸ் கடை. அதே ஜீன்ஸ் கடைப் பையா மூன்றாம் முறை என்னைப் பார்த்து, "ஆயியே ஆயியே" என்று கடைக்குள் கூப்பிட்டுச் சிரித்தான். குதிகால் செருப்பு கணுக்காலைக் கடித்தது.

ஒரு காவலாளியை நிறுத்தினேன். "பையா, பூரப் கேட் கிதர்?"

கிழக்கு வாசல் எங்கே என்று கேட்ட ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்பர் போலோ, பஹன்ஜி. நம்பர்."

நம்பர் தெரிந்தால் நான் ஏனப்பா உன்னைக் கேட்கிறேன்! அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு படிக்கட்டு ஓரத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"எலே, நான் பஸ்ஸு திரும்பின திக்கை வச்சுக் கணக்குப் பண்ணிட்டேன். இதான் கிழக்கு. அவுகதான் கூறு கெட்டுப் போய் வேற எங்கனயோ நிக்காக!"

சிவப்புக் கல் தோடு. கண்ணாடி போட்ட பையன் அம்மாவின் சால்வையைக் கையில் பிடித்தபடி நின்றான். அப்படியே போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டேன். எதேச்சையாவது ஒன்றாவது!

பிடித்த பிறகுதான் பையனை நன்றாகப் பார்த்தேன். நல்ல முகம். அடக்கமான பிள்ளை. ஆனால் ஐந்து ஏழா? ஷூவின் அடிப்பாகமே செங்கல் கனம் இருந்தது. அப்படியும் என் வீட்டுக்காரர் உயரம்தான் வந்தான். இவனுக்குப் பக்கத்தில் கோமதி எழுந்து நின்றால் தீர்ந்தது கதை. அவள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தே வணக்கம் சொல்லட்டும், கால் சுளுக்கு என்று சொல்லிவிடலாம்.

"நீங்க பைய வாங்கம்மா. நான் முன்னால போயிப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

திட்டில் கோமதி இல்லை.

அங்கே ஒரு சர்தார்ஜி குடும்பம் அந்தக் குளிர்காலத்திலும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தது. கல்யாணம், மாப்பிள்ளை எல்லாம் மறந்து போயிற்று. வயசுப் பெண்ணை இத்தனை பெரிய ஊரில், பூமிக்கு அடியில், தனியாக உட்கார வைத்துவிட்டுப் போனேனே! "கோமதீ!" என்று வாய்விட்டுக் கத்தினேன். கேசட் கடைச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

அப்போது கூட்டத்துக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. எல்லாத் தலைகளுக்கும் மேலே. பெற்ற தாய்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். அவள் உயரமாக இருப்பதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான்.

கிட்டே வந்தாள். வழக்கத்தைவிட அதிக உயரமாகத் தெரிந்தாள். கீழே பார்த்தேன். மூன்று அங்குலக் குதிகால் வைத்த புத்தம் புதுக் கறுப்புச் செருப்பு. ரப்பர் செருப்பு கையிலிருந்த பைக்குள் இருந்தது.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? அவுக வந்துக்கிட்டு இருக்காக! கழத்து! கழத்தித் தொலை!" குனிந்து அவள் காலையே பிடித்துவிட்டேன்.

கோமதி என் தோளைத் தொட்டு நிமிர்த்தினாள். கோபமே இல்லை அவள் முகத்தில்.

"நாலு வருசமா உக்காந்துக்கிட்டே இருக்கேன் மதினி. இன்னைக்கு நின்னுக்கிடுதேன்."

பின்னால் திரும்பினால் சிவப்புக் கல் தோடு ஜீன்ஸ் கடையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கால் சுளுக்கு என்று இனிமேல் சொல்ல முடியாது. என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் தோள் உயரம்தான் இருந்தேன்.

அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "புள்ளை… என்ன உயரம்?"

"செருப்போட அஞ்சு பத்து. இல்லாம அஞ்சு ஏழு" என்றாள் கோமதி, ஆபீஸில் கணக்குச் சொல்கிற மாதிரி.

பையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "நான் இந்த ஷூ இல்லாம அஞ்சு நாலுங்க" என்றான்.

"எலே!" என்று அம்மா அவன் முழங்கையைக் கிள்ளியது எனக்கே வலித்தது. கோமதி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். "நல்ல புள்ளை. வீட்டுல கலந்துக்கிட்டு லெட்டர் போடுதோம்" என்று சொல்லி அந்த அம்மாள் மகனை இழுத்துக்கொண்டு போனாள். லெட்டர் எப்படி வரும் என்று எனக்கு அப்போதே தெரியும். பத்து நாளில் வந்தது. ஏற்கெனவே பார்த்துப் பொருந்தியிருந்த ஜாதகம் மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லையாம்.

திரும்பி வந்த பஸ்

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கோமதி வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சப்தர்ஜங் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"மதினி, நான் கிழக்குன்னு காட்டுனது மேற்கு."

"என்னது?"

"எங்க ஆபீஸ்ல இருந்து மத்தியானம் அந்தப் பஜாருக்கு அடிக்கடி போவோம். எனக்கு எல்லா வாசலும் தெரியும். பாக்காமலே போயிடட்டும்னுதான் அங்கன கூட்டிட்டுப் போனேன். நீங்க விடாமத் தேடப் போயிட்டீங்க. எப்படியும் கண்டுபிடிச்சுக் கூட்டியாந்துருவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அதான் போய்ச் செருப்பு வாங்கினேன்."

அடிப்பாவி என்று வாய் வரை வந்தது. ஆத்திரம்தான் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, மூன்று வீட்டாருக்கும் காப்பி கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் வந்து அவள் டம்ளர் கழுவியது ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவமானமாக இருந்தது. அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கோமதி நேராக அடுக்களைக்குள் காப்பி போடப் போய்விட்டாள். புதுச் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. அவருக்குக் காலைப் பார்க்க நேரமில்லை.

"பாத்தாகளா? உக்கார வச்சியா?"

"இல்ல. நின்னுக்கிட்டுதான் இருந்தா."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எவ நிக்கச் சொன்னா?"

"நான்தான் நிக்கச் சொன்னேன்."

அவர் கத்தின கத்தலில் மாடியில் செண்பகத்தக்கா ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது. அறிவு, பொறுப்பு, குடும்பம் என்று எல்லாம் வந்தது. கடைசியில், "உன்னைப் பாக்க வந்தப்போ உங்க வீட்டுல எவ்வளவு லட்சணமா நிறுத்தி வச்சிருந்தாக! அவுகளுக்கு இருந்த கூறு உனக்கு இல்லியே!" என்றார்.

"அன்னைக்கு நான் படி மேல நின்னேன்" என்றேன்.

"எந்தப் படி?"

"அடுக்களைப் படி. எங்கம்மா சேலையை இறக்கிக் கட்டி மறைச்சுட்டா. டெல்லித் தண்ணி ஒண்ணும் சுருக்கல. நான் அன்னைக்கும் இவ்வளவுதான் இருந்தேன்."

பதினோரு வருஷமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அடுக்களைக்குள்ளிருந்து கோமதியின் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்தபடியே காப்பித் தட்டோடு வெளியே வந்தவள் குனிய மறந்துவிட்டாள். திரைக்கம்பி நங்கென்று அவள் நெற்றியில் இடித்தது. டம்ளர்கள் தட்டிலேயே கவிழ்ந்தன.

"ஐயோ, ரத்தம் வருதா?" என்று நான் ஓடினேன். ரத்தம் இல்லை. சிவந்து வீங்கியிருந்தது. அவள் தட்டைப் பிடித்தபடி நிமிர்ந்துதான் நின்றாள்.

என் வீட்டுக்காரர் அவள் நெற்றியைப் பார்த்தார். காலைப் பார்த்தார். பிறகு கதவு நிலையிலிருந்த பென்சில் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, திரைக்கம்பியை அவிழ்த்து ஓரடி மேலே தூக்கிக் கட்டினார்.

அதற்குப் பிறகு அந்தத் திரையைக் கழற்றித் துவைக்க எனக்கு ஸ்டூல் வேண்டியிருந்தது.